சாக்ஸபோன் தொடங்கினால் கதை நிற்கும்

காமமும் குற்றமும் கலந்த எரோட்டிக் த்ரில்லர் படங்களை விரும்பிப் பார்ப்பேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். சொல்வது பெண் என்றால் அந்தச் சிரிப்போடு கொஞ்சம் சங்கடமும் சேர்ந்துகொள்ளும். சிரிக்கட்டும். எடிட்டிங் என் தொழில். கையில் காசில்லாத ஒருவர் ஒரு காட்சியை எப்படி நகர்த்துகிறார் என்று பார்க்க இந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும். எப்படி நகர்த்தக் கூடாது என்பதற்கும் இவற்றில் உதாரணம் தாராளமாகக் கிடைக்கும்.

நான் சொல்வது 1980களின் கடைசியிலும் 1990களிலும் அமெரிக்காவில் வீடியோ கடைகளையும் இரவு நேரக் கேபிள் சேனல்களையும் நம்பி எடுத்த சிறிய படங்களை. 1992இல் வெளியான 'பேசிக் இன்ஸ்டிங்ட்' படத்தின் திரைக்கதை மட்டுமே 30 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் இந்தச் சிறிய படங்களில் ஒன்றிரண்டை முழுதாகவே எடுத்து முடித்திருப்பார்கள்.

'நைட் ஐஸ்' (1990) படத்திலிருந்து தொடங்குகிறேன். இயக்குநர் ஜக் முந்த்ரா, மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர். தயாரிப்பாளர் அசோக் அமிர்தராஜ். ஆமாம், சென்னையிலிருந்து போய் டென்னிஸ் ஆடியவர், பிற்பாடு 'ஜீன்ஸ்' எடுத்தவர், அவரேதான். விவாகரத்து வழக்கில் மனைவிக்கு எதிராக ஆதாரம் வேண்டும் என்பதற்காக அவள் வீட்டில் ரகசியக் கேமரா வைக்க ஒரு காவல் நிறுவனக்காரனை அமர்த்துகிறார்கள். காவல் காப்பதுபோல் வேவு பார்க்க வந்தவன் அவளிடமே மனதைப் பறிகொடுக்கிறான்.

பட்ஜெட் இல்லாதவனுக்கு இதைவிடத் தோதான கதை அமையாது. ஒரு வீடு, நாலைந்து பேர், ஓர் அறை நிறைய டிவி பெட்டிகள், அவ்வளவு போதும். மங்கலான கறுப்பு வெள்ளைத் திரையில் ஒருத்தி நடந்துபோவதை ஒருவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். படம் மட்டமாகத் தெரிந்தால்கூட அது கண்காணிப்புக் கேமராவின் தரம்தானே என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். கேசட்டை வாடகைக்கு எடுத்துவந்து பார்க்கிற நமக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதும் உறைக்கிறது. இந்த இடங்களில் படம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பணம் இருந்திருந்தால் ஒரு கார் துரத்தலைச் சேர்த்து இதைக் கெடுத்திருப்பார்கள்.

அப்புறம் படுக்கையறைக் காட்சி வரும், பின்னணியில் சாக்ஸபோன் ஆரம்பிக்கும். ஜன்னல் தடுப்புப் பட்டைகளின் வழியே நீல வெளிச்சம் கோடு கோடாக விழும். படம் மெதுவாக ஓடும், ஒரு ஷாட் இன்னொன்றில் கரையும். நம்ம ஊர்ப் படத்தில் பாட்டு வந்ததும் தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து வெளியே போவார்களே, அந்த மாதிரி கதையும் எழுந்து வெளியே போய்விடும். காட்சி முடிந்து திரும்பினால் இருவரும் விட்ட இடத்திலேயே நிற்பார்கள். அவனைப் பற்றி அவளுக்கோ அவளைப் பற்றி அவனுக்கோ புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. என்னிடம் ஒரு சோதனை உண்டு. படுக்கையறைக் காட்சியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, முன்னாலும் பின்னாலும் உள்ள காட்சிகளை மனதுக்குள் ஒட்டிப் பார்ப்பேன். ஒட்டின இடம் தெரியவில்லை என்றால் அந்தக் காட்சி படத்துக்குத் தேவைப்படவில்லை என்று அர்த்தம். இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.

இதற்குக் காரணம் இயக்குநரின் திறமைக் குறைவு மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. இந்தப் படங்களைப் பல சமயம் இரண்டு வடிவங்களாக விற்றார்கள்: அமெரிக்கத் திரைத்துறையின் வயதுச் சான்றுக் குழுவிடம் 'ஆர்' (சிறுவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்) சான்றிதழ் பெற்றது ஒன்று, சான்றிதழே வாங்காமல் 'அன்ரேட்டட்' என்று அட்டையில் அச்சிட்டது இன்னொன்று. சிறுவர்களுக்கு அனுமதியே இல்லை என்று 1990இல் வந்த 'என்.சி-17' முத்திரை குத்திய படங்களை பிளாக்பஸ்டர் என்ற பெரிய வீடியோ வாடகைக் கடைகள் வைத்துக்கொள்ள மறுத்தன. அதனால் ஒரே காட்சி ஒரு கடைக்காகச் சுருங்கவும் வேறொரு கடைக்காக நீளவும் வேண்டியிருந்தது. அப்படி இழுக்கவும் சுருக்கவும் வேண்டிய இடத்தில் கதையின் முக்கியமான தகவலை எவனாவது வைப்பானா? வைத்தால் ஒரு வடிவத்தில் கதையே புரியாமல் போகும். கழற்றி மாட்ட வசதியாக இருக்கட்டும் என்றே எடுத்திருக்கிறார்கள்.

சின்னக் குறைகள் வேறு இருக்கின்றன. முகம் தெரியும் ஷாட்டில் உடம்பு இருக்காது, உடம்பு தெரியும் ஷாட்டில் முகம் இருக்காது. டூப் போட்டிருக்கிறார்கள் என்பது எடிட்டிங் தெரியாதவருக்கும் பிடிபட்டுவிடும். கணவன் பாத்திரம் பெரும்பாலும் கத்துவதற்கென்றே இருக்கும். கொலைகாரன் யாரென்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம்: வேலையே இல்லாமல் அடிக்கடி வந்துபோகும் அந்த நண்பன்தான்.

இந்த எல்லா வியாதிக்கும் மருந்து என்று நான் காட்டும் படம் 'பவுண்ட்' (1996). வச்சோவ்ஸ்கி சகோதரிகள் இயக்கிய முதல் படம். 'மேட்ரிக்ஸ்' எல்லாம் அதற்குப் பிறகுதான். கதையில் பெரும்பகுதி பக்கத்துப் பக்கத்து ஃபிளாட்டுகள் இரண்டிலேயே நடந்துவிடுகிறது. மாஃபியாக்காரன் ஒருவனோடு வாழும் வயலெட், பக்கத்து ஃபிளாட்டில் குழாய் வேலையும் பெயின்ட் வேலையும் பார்க்கும் கார்க்கியைக் கூப்பிட்டு, சிங்க் குழாய்க்குள் கம்மல் விழுந்துவிட்டது, எடுத்துத் தா என்கிறாள். கம்மல் தற்செயலாக விழவில்லை என்பது நமக்கும் தெரியும், கார்க்கிக்கும் தெரியும். கைகளும் குழாயும் அதைக் கழற்றும் நிதானமும்தான் காட்சி. உடை ஒன்றும் கலையவில்லை, ஆனால் 'நைட் ஐஸ்' படத்து நீல வெளிச்சம் மொத்தத்திலும் இவ்வளவு சூடு கிடையாது. இந்தக் காட்சியை வெட்டினால் படமே விழுந்துவிடும். மாஃபியாவின் 20 லட்சம் டாலரைத் திருட இருவரும் கூட்டுச் சேரும் நம்பிக்கையே இங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்தப் பணமும் சும்மா பெட்டிக்குள் இருப்பதில்லை. ரத்தக் கறை படிந்த நோட்டுகளை அந்த மாஃபியாக்காரன் ஃபிளாட்டிலேயே கழுவி, கயிற்றில் காயப்போட்டு, ஒவ்வொன்றாக இஸ்திரி போடுகிறான். இதற்கு என்ன செலவு ஆகியிருக்கும்? இருந்தும் வன்முறையும் பேராசையும் வீட்டு வேலையும் ஒரே ஷாட்டில் வந்துவிட்டன. காதல் காட்சியை வெட்டே இல்லாமல் ஒரே நீண்ட ஷாட்டாக எடுத்திருக்கிறார்கள். டூப் போட்டு ஏமாற்ற அதில் வழியே இல்லை. இந்தக் காட்சிகளுக்காகப் பாலியல் குறித்து எழுதும் சூசி பிரைட்டை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள்.

இந்த வகையின் மிகப் பெரிய பலவீனமாக நான் நினைப்பதும் இங்கேதான் வருகிறது. நெருக்கமான காட்சிகளில் நடிகர்களின் சம்மதத்தையும் வசதியையும் கவனிக்கத் தனியாக ஓர் ஆளை வைக்கும் வழக்கத்தை அமெரிக்கக் கேபிள் சேனலான ஹெச்.பி.ஓ. கொண்டுவந்ததே 2018இல்தான். அதற்குமுன், அவசர அவசரமாகப் படப்பிடிப்பை முடித்தவர்களிடம் ஒரு நடிகை 'இது வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு இடம் இருந்திருக்கும்? சில படங்களில் நடிகையின் தோள்கள் விறைத்திருப்பது திரையிலேயே தெரிகிறது. அந்த இடத்தில் நான் ஓட்டிவிடுவேன்.

ஆனாலும் பெரிய படங்கள் கொடுக்காத ஒன்றை இந்தச் சிறிய படங்கள் கொடுத்தன. பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தின. 'த லாஸ்ட் செடக்‌ஷன்' (1994) நாயகி கணவனின் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்ன ஊருக்குள் வந்து, அங்கே சிக்கிய ஓர் ஆணைத் தன் காரியத்துக்குக் கருவி ஆக்கிக்கொள்கிறாள். படம் அவளை மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. தியேட்டருக்கு முன்பே ஹெச்.பி.ஓ.வில் ஒளிபரப்பானதால் லிண்டா ஃபியோரென்டினோவின் பெயர் ஆஸ்கர் போட்டிக்கே போக முடியவில்லை. அந்த வருஷத்துச் சிறந்த நடிப்புகளில் ஒன்று இப்படி வெளியீட்டு விதியில் அடிபட்டுப் போனது.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் 'பவுண்ட்', அடுத்து 'த லாஸ்ட் செடக்‌ஷன்'. 'நைட் ஐஸ்' மூன்றாவதாக, அதுவும் கேமரா அறைக் காட்சிகளுக்காக. அதற்கு மூன்று தொடர்ச்சிகள் வந்தன. தொழில்முறை ஆர்வம் இல்லாதவர்கள் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 'அன்ரேட்டட்' என்று எழுதியிருக்கிறதே என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அதில் சாக்ஸபோன் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக வாசிக்கும்.