சேர்வராயன் பாறைக்கு எந்தக் கார்பன் ஷாஃப்ட்?

கார்பன் அம்பு பற்றி ஆங்கிலத்தில் வரும் அலசல்கள் பெரும்பாலும் அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. விலா எலும்பை அம்பு துளைக்குமா, எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. நமக்கு அது தேவையே இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் வில் வேட்டைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. சேலத்திலும் ஏற்காட்டிலும் எய்கிற நம் அம்புக்கு எதிரி பாறைதான். அடிவாரத்து மாந்தோப்பாக இருந்தாலும் மேலே காப்பித் தோட்டமாக இருந்தாலும், குறி தப்பிய அம்பு இரண்டு மூன்று தடவைக்கு ஒரு தடவை கருங்கல்லில்தான் போய் முட்டுகிறது. அங்கே பிழைக்கிற அம்பு எது என்று பார்த்தால், அந்த அலசல்களில் முதலிடம் வாங்கிய ஷாஃப்ட் (அம்பின் தண்டு) நம்மிடம் பின்னால் போய்விடுகிறது.

நம் ஆட்கள் வாங்குவது பெரும்பாலும் மூன்று வகை. ஈஸ்டன் ஆக்சிஸ் டிரெடிஷனல் ஒன்று, கோல்டு டிப் டிரெடிஷனல் ஒன்று. இரண்டும் அமெரிக்கச் சரக்கு, மரம்போல வரி அச்சிட்டவை. மூன்றாவது லிங்க்பாய் மாதிரி சீனத்து 6.2 மி.மீ. ஷாஃப்ட். விலையில் முதல் இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் நல்ல இடைவெளி உண்டு.

ஆக்சிஸ் ஒல்லி. அதன் உள்விட்டம் 0.204 அங்குலம், அதாவது 5.2 மி.மீ. கோல்டு டிப்புக்கு 0.246 அங்குலம், 6.2 மி.மீட்டருக்குச் சற்று மேல். குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு விறைப்பு. அதுவும் விட்டம் கூடுவதைவிட வெகு வேகமாக ஏறும். அதனால் ஒல்லிக் குழாய் அதே விறைப்பைக் காட்ட வேண்டுமென்றால் சுவர் தடிமனாக இருந்தாக வேண்டும், எடையும் கூடும். 500 ஸ்பைனில் (ஸ்பைன் என்பது அம்பு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்று காட்டும் எண்) ஆக்சிஸ் அங்குலத்துக்கு 8 கிரெய்ன் (அம்பு எடையின் அலகு) சொச்சம், கோல்டு டிப் 7 கிரெய்ன் சொச்சம். 29 அங்குல அம்பில் இருபது கிரெய்ன் அளவுக்கு வித்தியாசம் வரும். மரபு வில்லுக்குக் கனமான அம்புதான் பிடிக்கும்: கையில் அதிர்வு குறையும், நாண் சத்தம் அடங்கும். வில்லின் இழுவிசையில் ஒரு பவுண்டுக்கு 8 முதல் 10 கிரெய்ன் என்பது நல்ல கணக்கு. 40 பவுண்டு வில்லுக்கு 9 கிரெய்ன் வைத்தால் 360 கிரெய்ன், 23 கிராம் சொச்சம்.

இதுவரை ஆக்சிஸ்தான் முன்னால் நிற்கிறது. சுவர் தடிமன் என்பதால் மரக்கிளையில் பக்கவாட்டில் அடிபட்டாலும் அது எளிதில் விரிசல் விடாது. ஆனால் பாறையில் அம்பு மூக்கால் முட்டுகிறது, விஷயம் அங்கேதான் மாறுகிறது. ஆக்சிஸில் இன்சர்ட், அதாவது பாயிண்டைத் (அம்பு முனையை) திருகி மாட்டும் சிறு குழல், முழுக்கக் குழாய்க்குள்ளே மறைந்து உட்காரும். பாயிண்டின் பின்விளிம்பு நேராகக் கார்பன் வாயில் பதிகிறது. சாய்வாகப் பாறையைத் தொட்டால் பாயிண்ட் ஒரு பக்கம் நெம்பி, வாய் பிளக்கும். கோல்டு டிப்பின் சாதாரண இன்சர்ட்டுக்கு உதடு உண்டு. அது குழாயின் வாயை மூடிக்கொண்டு முதல் அடியைத் தான் வாங்கும். ஆக்சிஸுக்கு வெளியே மாட்டும் காலர் போட்டால் இந்தக் குறை பெருமளவு தீரும். அதையும் சேர்த்து வாங்கத் தயாராக இருந்தால் ஆக்சிஸை நான் மறுக்க மாட்டேன். 6.2 ஷாஃப்டுக்கும் மூக்கில் ஒரு பூண் போடுவது நல்லது: சரியான விட்டமுள்ள பழைய அலுமினிய அம்பிலிருந்து ஓர் அங்குலத் துண்டு வெட்டி, வெளியே ஏற்றி, எபாக்சி வைத்து ஒட்டினால் போதும். உலக்கைக்குப் பூண் போடுகிற அதே வேலை. பூண் போட்ட 6.2 ஷாஃப்ட்தான் மலையில் அதிக நாள் உழைக்கிறது.

அடுத்தது உதிரிப் பாகம். சீன ஷாஃப்டில் 6.2, 4.2 இரண்டும்தான் அதிகம் ஓடுகிற அளவுகள். ஆக்சிஸின் 5.2 இரண்டிலும் சேராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாக் (அம்பின் வாலில் நாணைக் கவ்வும் துண்டு) உடைந்தால் கூட எய்கிறவரிடம் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள முடியாது. கோல்டு டிப்புக்கு 6.2 என்று விற்கும் நாக்கும் இன்சர்ட்டும் பெரும்பாலும் அப்படியே பொருந்திவிடும். சிறிய ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து எய்யும்போது எல்லோரும் ஒரே விட்டத்துக்கு வந்துவிடுவது எவ்வளவு வசதி என்பது பழகியவர்களுக்குத் தெரியும்.

நேர்த்திக்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. பெட்டியில் 0.006, 0.003, 0.001 அங்குலம் என்று போட்டு மூன்று விலை வைத்திருப்பார்கள். முதலாவதே 0.15 மி.மீ. வளைவுதான். விரலாலோ கட்டைவிரல் மோதிரத்தாலோ நாண் விட்டு, சைட் (குறிபார்க்கும் கருவி) இல்லாமல் 20 மீட்டரில் எய்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டஜனுக்குள் எடை ஒத்துப்போகிறதா, ஸ்பைன் ஒத்துப்போகிறதா என்பது தெரியும், அதுவும் நன்றாகவே தெரியும். சீன ஷாஃப்டில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வந்த டஜனை அப்படியே எய்யாமல் பிரித்துப் பாருங்கள். சேலத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: கொலுசுப் பட்டறைத் தராசு. 0.01 கிராம் காட்டும் தராசு வைத்திருக்கும் வெள்ளி வேலைக்காரர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார். ஒரு கிரெய்ன் 0.065 கிராம்; எடை நெருங்கியவற்றை ஆறாறாகச் சேர்த்துவிடலாம்.

ஸ்பைனையும் வீட்டிலேயே அளக்கலாம். வெட்டாத ஷாஃப்டை 28 அங்குல (71.1 செ.மீ.) இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகள்மேல் படுக்க வைத்து, நடுவில் 880 கிராம் தொங்கவிடுங்கள். எத்தனை தாழ்கிறது என்பதே ஸ்பைன். 12.7 மி.மீ. இறங்கினால் 500, 10.2 என்றால் 400, 15.2 என்றால் 600. எண் கூடக் கூட அம்பு இளக்கம். பழைய கார்பன் எக்ஸ்பிரஸ் ஹெரிடேஜ் யாரிடமாவது கைமாறி வந்தால் இங்கே ஏமாறாதீர்கள். அதில் 75, 90, 150, 250 என்று இருக்கும். எண் கூடினால் அங்கே விறைப்பு. மர அம்பு அளவும் வேறு, 26 அங்குல இடைவெளியில் 2 பவுண்டு தொங்கவிட்டுப் பார்ப்பது. இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது.

வில்லில் 40 பவுண்டு என்று எழுதியிருந்தால் அது 28 அங்குலம் இழுக்கும்போது. 26 அங்குலம்தான் இழுக்கிறீர்கள் என்றால் உங்கள் விரலில் 35, 36 பவுண்டுதான் இருக்கும். உங்களுக்கு 600 சரியாக அமையும். 28 அங்குலம் இழுத்து 40-ஐ முழுசாகப் பிடிக்கிறவருக்கு 500. 45-ஐத் தாண்டினால் 400-ஐ யோசிக்கலாம். குதிரை வில் (குதிரைமேலிருந்து எய்யும் மரபில் வந்த வில்) வைத்திருப்பவர்கள் இதிலிருந்து ஒரு படி இளக்கமாக எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த வில்லில் அம்பை வைக்கப் பிடிக்கு மேலே வெட்டிவிடும் ஷெல்ஃப் வெட்டு கிடையாது. அம்பு பிடியைச் சுற்றி நெளிந்து போயாக வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் நான் பார்க்கிற தொந்தரவில் பெரும்பகுதி தேவைக்கு மேல் விறைப்பான அம்புதான், பிராண்ட் இல்லை.

குதிரை வில்லில் இன்னொன்று. அம்பு கைமேல் உரசிக்கொண்டு போகிறது. இறகின் முன்முனையை நூல் சுற்றி ஒட்டாவிட்டால் கையைக் கீறிவிடும். விரிசல் விட்ட கார்பன் கையில் உடைந்தால் சிலும்பு உள்ளே ஏறும், எடுப்பது கொடுமை. ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் அம்பை இரு கையாலும் பிடித்து லேசாக வளைத்து, முறுக்கி, நொறுங்கும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பாறையில் பட்டதென்றால் கட்டாயம். மரவரி அச்சு மேல் எனக்கு ஆசை கிடையாது. முடி அளவு விரிசலும் மரவரியும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. வெறும் கறுப்பில் அது சட்டென்று பிடிபடும். அழகுக்காக மரவரி எடுக்கிறவர்கள் கண்ணை நம்பாமல் காதை நம்ப வேண்டும்.

மூங்கில் அம்பு எய்கிறவர்களை மாற்றச் சொல்லி நான் வாதாட மாட்டேன். ஏற்காட்டுப் பனியிலும் ஐப்பசி மழையிலும் அது நெளியும், கார்பன் நெளியாது. இறகு நனைந்து படுத்துக்கொள்வது இரண்டுக்கும் பொது. உலக வில்வித்தை அமைப்பின் (World Archery) விதியில் லாங்போ (நீள வில்) பிரிவுக்கு மர அம்பும் இயற்கை இறகும்தான், கார்பனுக்கு அங்கே இடமில்லை. இந்தியன் ரவுண்ட் (நம் நாட்டு மூங்கில் வில் போட்டி) போகிறவர்களும் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

சேலத்து வெயிலுக்கு ஒரு வார்த்தை. ஹாட்மெல்ட் (சூட்டில் உருக்கி ஒட்டும் பசை) வைத்து ஒட்டிய இன்சர்ட்டோடு அம்புகளைச் சித்திரையில் மூடிய காருக்குள் விட்டால் பசை இளகிவிடும். அடுத்த எய்தலில் பாயிண்ட் இலக்கிலேயே தங்கிவிடும். எபாக்சி வையுங்கள். கார்பன்மேல் நேராக நெருப்புக் காட்டக் கூடாது, ரெசின் கெட்டுவிடும்.

முதல் முறை வாங்குகிறவர் என்னிடம் கேட்டால், சரியான ஸ்பைனில் ஒரு டஜன் கறுப்புச் சீன 6.2 ஷாஃப்ட் எடுக்கச் சொல்வேன். மிச்சமாகும் காசைப் பித்தளை இன்சர்ட்டிலும், 125-இலிருந்து 175 கிரெய்ன் வரை இரண்டு மூன்று வகைப் பாயிண்டிலும் போடலாம். குறி ஓரளவு நிலைத்த பிறகு கோல்டு டிப்புக்குப் போகலாம். டஜனுக்குள் ஒற்றுமை அங்கே கூடுதல். ஆக்சிஸ் மூன்றாவதாக வரட்டும், அதுவும் காலரோடு.

வாங்கியதும் வெட்டிவிடாதீர்கள். இறகு ஒட்டாத இரண்டு ஷாஃப்டையும் இறகு ஒட்டிய மூன்றையும் முழு நீளத்திலேயே 15 மீட்டரில் எய்யுங்கள். விசைத்தறிக் கழிவுத் துணி திணித்த சாக்கு இதற்கு அருமையான இலக்கு. வலக்கையால் விரலில் நாண் இழுப்பவருக்கு, இறகில்லாத அம்பு இடப்பக்கம் போனால் அம்பு விறைப்பு: பாயிண்ட் எடையைக் கூட்டுங்கள். வலப்பக்கம் போனால் இளக்கம்: கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். மோதிரம் போட்டு வில்லின் வலப்பக்கம் அம்பு வைப்பவருக்கு இது அப்படியே தலைகீழ். வெட்டும்போது வேகமாகச் சுழலும் கட்டிங் வீல், முகத்தில் மாஸ்க், திறந்த வெளி மூன்றும் வேண்டும். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. இரண்டு வகையும் ஒரே இடத்தில் விழத் தொடங்கியதும் அந்த நீளத்தைக் குறித்துவைத்துக்கொண்டு மிச்ச ஷாஃப்டுகளை வெட்டலாம்.