ரோசா இதழ்த் தேயிலை: திருகோணமலைத் தண்ணிக்கும் வெக்கைக்கும் சரிவருமா?

பேணியின் மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது இதழ்தான். கறுத்த இலைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு. சாதாரண தேயிலையைவிடக் கூடுதலாகக் காசு கொடுப்பதும் அதற்காகத்தான். ஆனால் கோப்பைக்கு வந்து சேரும் சுவையில் இதழின் பங்கு கொஞ்சம். ரோசாவை உலர்த்தும்போதே வாசத்தில் நிறையக் காற்றோடு போய்விடும். மிஞ்சிய இதழைக் கொதிதண்ணியில் போட்டால் லேசான பூமணமும் கொஞ்சம் துவர்ப்பும் வரும், அவ்வளவுதான். மூடி திறந்த கையோடு வீடெல்லாம் மணம் வீசினால் அது பெரும்பாலும் மேலே தெளித்த மணச்சத்து. அதில் தப்பொன்றும் இல்லை. பெட்டியின் பின்பக்கத்தில் சேர்மானங்களோடு அதையும் எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கச் சின்னம் இருந்தால் தேயிலை முழுக்க இலங்கையில் விளைந்து இங்கேயே பொதியிட்டது என்று அர்த்தம். பூ எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தச் சிங்கம் பொறுப்பில்லை.

ஆகவே இந்தத் தேயிலையை எடைபோட வேண்டியது இலையை வைத்து. ரோசாவுக்கு மணம் கொடுக்கும் ஜெரானியோல் போன்ற பொருள்கள் நல்ல மலைநாட்டுத் தேயிலையிலும் இயல்பாகவே இருக்கின்றன. இரண்டும் ஒட்டிப்போவதற்குக் காரணம் அதுதான். திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலையோடு சேர்ந்த ரோசா நன்றாக எடுபடும்: சாயமும் இருக்கும், பூமணத்துக்கு இடமும் விடும். நுவரெலியாத் தேயிலை மெல்லியது. மணச்சத்து கொஞ்சம் கூடினாலும் தேயிலை இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஊவாத் தேயிலைக்குத் தனிக்கதை. நம் ஊரில் உதட்டை வெடிக்க வைக்கும் கச்சான் காற்று இருக்கிறதே, அதே பருவத்து வறண்ட காற்றுத்தான் ஜூலை முதல் செப்ரெம்பர் வரை ஊவாச் சரிவுகளில் அடித்து, அந்தத் தேயிலைக்கு மூக்கில் ஏறும் குளிர்மணத்தைக் கொடுக்கிறது. அந்தக் குணம் ரோசாவோடு மல்லுக்கட்டும். அதைத் தனியாகக் குடிப்பதே மரியாதை. காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை கறுத்துத் தடித்த சாயம் தரும். பால் ஊற்றித்தான் குடிப்பேன் என்பவர்களுக்கு அதுதான் தோது.

ரீ பாக்கில் வரும் ரோசாத் தேயிலையை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. பைக்குள் பெரும்பாலும் பி.ஓ.பி.எஃப். என்ற நுண்ணிய நொறுங்கல் அல்லது டஸ்ட் தரத்துப் பொடி. சாயம் ஒரு நிமிசத்தில் இறங்கிவிடும், பூமணம் மேலே வருவதற்குள் துவர்ப்பு முந்திக்கொள்ளும். பைக்குள் இதழும் தூளாகத்தான் கிடக்கும். அவசரத்துக்கு ஆகும். மற்றபடி ஓ.பி. அல்லது பெக்கோ என்ற, பொடியாகாத பெரிய தரத்து இலை போட்ட பேணியே மேல்.

வாங்கியதும் ஒரு மேசைக்கரண்டி அள்ளி வெள்ளைக் கடுதாசியில் பரப்பிப் பாருங்கள். இதழ் விரலுக்கிடையில் மொறுமொறுவென்று உடைய வேண்டும். தோல்போல வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது, அந்த ஈரம் தேயிலைக்கும் போயிருக்கும். கபில நிறத்துக்குத் திரும்பிய இதழ் பழசு. ஓர் இதழைப் பச்சைத்தண்ணியில் போட்டதும் மை கொட்டினாற்போலச் சிவப்பு ஓடினால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். உண்மையான இதழின் நிறம் மெதுவாக, வெளிறித்தான் இறங்கும். கடைசியாக இதழையெல்லாம் பொறுக்கி ஒதுக்கிவிட்டு வெறும் இலையை மட்டும் மணந்து பாருங்கள். மிட்டாய்க்கடை வாசம் அடித்தால் அந்தப் பேணியில் பூ வெறும் அலங்காரம்.

இனித் தண்ணி. திருகோணமலையில் இந்தத் தேயிலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கடலை ஒட்டிய கிணறு என்றால் உவர் இருக்கும். உப்புவெளிக்குப் பெயரிலேயே உப்பு. உவர்த்தண்ணியில் ரோசா செத்துப்போகும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது. கடினத்தண்ணி வேறு விசயம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா, ஆறிய தேத்தண்ணிக்கு மேல் எண்ணெய்ப்படலம்போல் ஓர் ஆடை மிதக்கிறதா, அப்போது கடினத்தண்ணி. நன்றாகக் கொதிக்க வைத்துத் தெளியவிட்டு, மேல்தண்ணியை இறுத்து எடுத்தால் கடினம் கொஞ்சம் இறங்கும். குழாய்த்தண்ணியில் குளோரின் மணம் இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்தபடி வைத்துவிட்டுக் காலையில் கொதிக்க வையுங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லாவிட்டால் போத்தல் தண்ணி.

அளவு: 200 மில்லிலீற்றர்க் கோப்பைக்கு 2.5 கிராம். தராசு இல்லாவிட்டால் ஒரு தேக்கரண்டி குவித்து எடுத்து அதற்கு மேல் அரைக்கரண்டி. வெறும் தேயிலைக்கு ஒரு கரண்டி போதுமே என்று கேட்கலாம். இதழ் பருமன் கூடியது, பாரம் குறைந்தது. கரண்டியின் ஒரு பங்கை அது அடைத்துக்கொள்ளும். வழக்கமான ஒரு கரண்டியைப் போட்டுவிட்டு, சாயம் காணாது என்று எட்டு நிமிசம் ஊறவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. தேயிலையின் துவர்ப்போடு இதழின் துவர்ப்பும் சேர்ந்து நாக்கு உலர்ந்து போகும்.

தண்ணி தளதளவென்று கொதித்ததும் இறக்கி, அரை நிமிசம் விட்டு ஊற்றுங்கள். மூடி போட்டே ஆக வேண்டும், ஆவியோடு போவதுதான் நீங்கள் காசு கொடுத்த வாசம். மூன்று நிமிசம். தாழ்நில இலையென்றால் மூன்றரை. நாலைத் தாண்ட வேண்டாம். அடுப்பில் வைத்துத் தேயிலையோடு கொதிக்க வைக்கிற பழக்கம் இதற்குச் சரிவராது. பிளாஸ்கில் காலையில் ஊற்றி வைத்த சுடுதண்ணியும் உதவாது, சூடு இறங்கியிருக்கும், சாயம் பிடிக்காது. கடைகளில் செய்வதுபோல் ஒரு முழம் உயரத்துக்கு இழுத்து ஆற்றினால் பார்ப்பதற்கு அழகு, மணமெல்லாம் பக்கத்து மேசைக்காரருக்கு. வடித்துவிட்டுக் கோப்பையிலேயே ஆறவிடுங்கள். குடிக்கும் பதம் வரும்போதுதான் பூமணம் தெளிவாகத் தெரியும். நாக்கைச் சுடும் சூட்டில் ஒன்றும் பிடிபடாது.

இனிப்புக்குக் கற்கண்டு. ஒரு சின்னக் கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணியாகக் குடிப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. சீனி என்றால் அரைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் அருமையான சாமான்கள்தான், ஆனால் அவற்றின் சொந்த மணம் ரோசாவை மூடிவிடும். இஞ்சியும் அப்படியே. ஏலக்காய் ஒன்று, தட்டிப் போட்டால் ஒத்துப்போகும். தேசிக்காய்ப்புளி நாலைந்து துளி விட்டால் நிறம் வெளிறித் தெளியும், மேலே மிதக்கும் ஆடையும் விலகும். கடினத்தண்ணிக்காரருக்கு இது கைமருந்து. அதற்கு மேல் பிழிந்தால் அது தேசிக்காய்த் தேத்தண்ணி.

மாப்பால் போட்டால்? மணச்சத்துத் தெளித்த வகையில் மாப்பாலைக் கரைத்தால் கல்யாணவீட்டு வாசலில் பன்னீர் தெளித்த கையால் பால் குடித்த மாதிரி இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் நாக்குக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் மெல்லிய இலைத் தேயிலையை இப்படிக் குடிப்பது காசுக்கு நட்டம்.

இந்த ஊரின் மத்தியான வெக்கைக்கு ஏற்றது பச்சைத்தண்ணி ஊறல். இந்தத் தேயிலையின் உச்சமே அதுதான் என்று துணிந்து சொல்லலாம். கொதித்தாறிய தண்ணி ஒரு லீற்றருக்கு 10 கிராம், மூடிய கண்ணாடிப் போத்தலில், பிரிஜுக்குள் ஆறு முதல் எட்டு மணித்தியாலம். மேசையில் வைத்து ஊறவிட வேண்டாம், நம் வெப்பத்தில் பழுதாகிவிடும். துவர்ப்புக் குறைவாக இறங்குவதால் பூமணம் முன்னுக்கு வரும், சீனியே தேவைப்படாது. சுடத் தயாரித்ததைக் குளிரவைத்தால் கலங்கிப் பால்நிறம் தட்டும், ஊறலில் அந்தச் சிக்கல் குறைவு. வடித்ததை ஒரு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கூட வைத்துச் சாப்பிட பயற்றம் பணியாரம், வெண்ணெய் பிஸ்கற், வட்டிலப்பத்தில் ஒரு சிறு துண்டு. மீன் றோல்ஸும் உழுந்து வடையும் வேண்டாம். வெங்காயமும் மிளகும் ஏறிய நாக்கில் ரோசா தெரியாது, அதற்கு நல்ல கடும்சாயமே போதும்.

வீட்டிலேயே கலந்து பார்க்க விரும்புகிறவர்கள் பூக்கடை ரோசாவைத் தொடக்கூடாது. மாலைக்கும் மேடைக்கும் வளர்த்த பூவுக்கு மருந்தடித்திருப்பார்கள். மருந்து படாத பன்னீர் ரோசா, விடியலில் பறித்தது. இதழின் அடியிலுள்ள வெள்ளைப்பகுதி கைக்கும், கத்தரித்துவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளிறும். நிழலில், துணியில், ஒன்றன்மேல் ஒன்று விழாமல் நாலைந்து நாள் காயவிடுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் நன்றாகக் காயும். கார்த்திகை, மார்கழி மழையில் முயன்றால் பூஞ்சணம்தான் மிச்சம். 100 கிராம் பச்சை இதழ் காய்ந்து 20 கிராமுக்கும் குறைவாகத்தான் தேறும். 100 கிராம் தேயிலைக்கு 5 முதல் 8 கிராம் காய்ந்த இதழ் சேர்த்து, இரண்டு கிழமை மூடி வையுங்கள். கடைப்பேணி மாதிரி மணக்காது. மணக்கவும் கூடாது.

மாரியில் திறந்த பேணி வேகமாகக் கெடும். தேயிலை ஈரத்தை மட்டுமல்ல, பக்கத்திலிருக்கும் எல்லா மணத்தையும் இழுக்கும். கருவாடு வைக்கும் அலுமாரியில் இதை வைத்தால் ஒரே கிழமையில் தெரிந்துவிடும். பெரிய பேணி மலிவென்று வாங்காமல் 50 கிராம் வாங்கி, இறுகிய மூடிப் பேணியில் வெளிச்சம் படாமல் வைத்து, இரண்டு மாதத்துக்குள் குடித்து முடியுங்கள். ஈரக்கரண்டியை உள்ளே விடாதீர்கள்.