மனித நொதியைக் கண்டறிய எந்த ஆன்டிபாடி: பாலிக்லோனலா, மோனோக்லோனலா, ரீகாம்பினன்டா?

மனித நொதி ஒன்றுக்கு ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) தேடினால் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கும்: முயல் பாலிக்லோனல் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை), சுண்டெலி மோனோக்லோனல் (ஒரே வகை ஆன்டிபாடி), முயல் ரீகாம்பினன்ட் மோனோக்லோனல் (மரபணு வரிசையிலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கியது). எது உசத்தி என்று கேட்கும் முன் அந்த நொதிக்கு நெருங்கிய ஐசோஃபார்ம்கள் (ஒரே வேலையைச் செய்யும், சற்றே வேறுபட்ட வடிவங்கள்) உண்டா என்று பாருங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

லாக்டேட் டீஹைட்ரஜனேஸை எடுத்துக்கொள்வோம். இதன் ஏ துணையலகில் 332 அமினோ அமிலங்கள், பி துணையலகில் 334. வரிசையில் ஏறத்தாழ 75% ஒன்றேதான். எடையும் இரண்டுக்கும் 37 கிலோ டால்டனை ஒட்டியே இருக்கும். முழு நீள ஏ புரதத்தை முயலுக்குச் செலுத்தி எடுத்த பாலிக்லோனல், பி-யையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து ஆன்டிபாடியால் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் இரண்டும் ஒரே இடத்தில் விழுவதால் அழகான ஒற்றை பேண்ட் (பட்டை) தெரியும். ஒற்றை பேண்ட் வந்தாலே ஆன்டிபாடி சரி என்று எடுத்துக்கொள்வது இந்த வேலையில் மிக ஆபத்தான பழக்கம்.

ஆகவே பாலிக்லோனல் வாங்கும்போது விலைக்கு முன்னால் ஆன்டிஜென் (விலங்குக்குச் செலுத்திய பொருள்) எது என்று படிக்க வேண்டும். ஏ-யும் பி-யும் வேறுபடும் பகுதியிலிருந்து 15–20 அமினோ அமில பெப்டைடு எடுத்து, கேஎல்எச் என்னும் பெரிய தாங்கிப் புரதத்தோடு இணைத்துச் செலுத்தியிருந்தால் ஐசோஃபார்மைப் பிரித்தறியும் வாய்ப்பு கூடும். ஆனால் அந்தச் சிறு துண்டு இயல்பான மடிப்பில் உள்ளே புதைந்திருந்தால், வெஸ்டர்னில் வேலை செய்யும் ஆன்டிபாடி இம்யூனோபிரெசிபிடேஷனில் (இயல்பான மடிப்பில் உள்ள புரதத்தை ஆன்டிபாடியால் கரைசலிலிருந்து இழுத்தெடுப்பது) கைவிட்டுவிடும். மனிதப் புரதங்கள் எங்கெங்கே உள்ளன என்று ஆன்டிபாடிகளால் வரைபடமாக்கும் ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் திட்டம் நடுவழியைப் பிடித்தது: மற்ற மனிதப் புரதங்களோடு ஒற்றுமை குறைந்த, 50–150 அமினோ அமில நீளத் துண்டுகளைச் செலுத்தி, அதே துண்டைக் கொண்டு ஆன்டிபாடியைச் சுத்திகரித்தது. ஆன்டிபாடிகளைப் பொதுவாகப் பிடிக்கும் புரோட்டீன் ஏ நிரப்பிய குழாயில் (column) மட்டும் சுத்திகரித்தது என்று தகவல்தாளில் இருந்தால், அந்த முயலின் இரத்தத்தில் உள்ள மொத்த ஐஜிஜி (முக்கிய ஆன்டிபாடி வகை) உள்ளே இருக்கிறது என்று பொருள். குறி வைத்த ஆன்டிபாடி அதில் சிறு பங்குதான். பின்னணி இரைச்சல் அங்கிருந்தே வரும்.

இன்னொரு சிக்கல், வரிசை மிகவும் மாறாமல் வந்த நொதிகளில் முயலின் சொந்த நொதியும் மனிதருடையதைப் போலவே இருக்கும். முயல் அதை அந்நியமாகப் பார்க்காது, ஆன்டிபாடியும் வலுவாக வராது. அங்கே கோழியின் ஆன்டிபாடியான ஐஜிஒய் நல்ல மாற்று. அது புரோட்டீன் ஏ-யில் ஒட்டாது என்பதை நினைவில் வையுங்கள்.

பாலிக்லோனல் உண்மையிலேயே முந்துவது ஃபார்மலின் ஏற்றிப் பாரஃபினில் பதித்த திசுவில். ஃபார்மலின் சில எபிடோப்களை (ஆன்டிபாடி ஒட்டும் சிறு இடங்களை) மூடினாலும் மீதி எபிடோப்களைப் பிடிக்க ஆட்கள் இருப்பார்கள். ஒற்றை எபிடோப்பை நம்பும் மோனோக்லோனலுக்கு அந்த வசதி இல்லை. மூடிய எபிடோப்களைத் திறக்கப் பிஹெச் 6.0 சிட்ரேட்டில் 95 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சூடாக்கியும் சாயம் ஏறவில்லை என்றால் பிஹெச் 9.0 டிரிஸ்-இடிடிஏ-வில் பாருங்கள். சுண்டெலித் திசுவில் வளர்த்த மனிதக் கட்டியில் சுண்டெலி மோனோக்லோனல் தொல்லை தரும். முதல் ஆன்டிபாடியைப் பிடித்துச் சமிக்ஞை தரும் இரண்டாம் ஆன்டிபாடி, திசுவிலேயே இருக்கும் ஐஜிஜி-யைப் பிடித்துக்கொள்ளும். அங்கு முயல் வகைகளே தேவலை.

இம்யூனோபிரெசிபிடேஷனிலும் பாலிக்லோனல் நன்றாக இழுக்கும். ஆனால் அதே முயல் ஆன்டிபாடியால் பிளாட் செய்தால் 50 கிலோ டால்டனில் அந்த ஆன்டிபாடியின் கனச் சங்கிலியும் 25-இல் இலேசான சங்கிலியும் ஒளிரும். 37-இல் உள்ள நொதி தப்பிக்கும். 55-இல் உள்ள ஏஎல்டிஎச்1ஏ1 நொதி போன்றது மறைந்துபோகும். முயலால் இழுத்து, சுண்டெலி மோனோக்லோனலால் பிளாட் செய்வது எளிய தீர்வு.

வெஸ்டர்னுக்கு மூன்றுக்கும் ஒரே தொடக்கம் போதும்: லேனுக்கு 20 மைக்ரோகிராம் லைசேட் (செல்களை உடைத்த சாறு), 12% ஜெல், மெத்தனாலில் நனைத்த பிவிடிஎஃப் மெம்ப்ரேன், 0.1% ட்வீன் கலந்த டிபிஎஸ் தாங்கல் கரைசலில் 5% கொழுப்பு நீக்கிய பால். முதல் ஆன்டிபாடி 1:1000, 4 டிகிரியில் இரவு முழுக்க. பாலிக்லோனலில் கூடுதல் பேண்டுகள் வந்தால் எக்ஸ்போஷரைக் குறைப்பதற்கு முன் 1:5000 வரை நீர்த்துப் பாருங்கள். வலுக்குறைந்த பிடிப்புகள் முதலில் கழன்றுவிடும். நீர்த்த ஆன்டிபாடி கெடாமலிருக்கச் சோடியம் அசைடு சேர்த்து வைத்திருந்தால் நன்றாகக் கழுவிவிட்டே, எச்ஆர்பி என்னும் சமிக்ஞை தரும் நொதியை இணைத்த இரண்டாம் ஆன்டிபாடிக்குப் போங்கள். அசைடு எச்ஆர்பி-யை முடக்கிவிடும்.

எதை வாங்கினாலும் ஏ-யின் மரபணுவை நீக்கிய (நாக்அவுட்) செல் லைசேட்டை இயல்பான செல்லின் பக்கத்து லேனில் ஓட்டியே ஆக வேண்டும். பேண்ட் மங்கலாக மிஞ்சினால் அது பி-யாக இருக்கலாம். பி மட்டும் கொண்ட ரீகாம்பினன்ட் புரதத்தை மூன்றாம் லேனில் போட்டால் தெரிந்துவிடும். புதிய புரத உற்பத்தியைக் குறைக்கும் எஸ்ஐஆர்என்ஏ இதற்கு இரண்டாந்தரம்தான், ஏனென்றால் நீடித்து நிற்கும் நொதி 72 மணி நேரத்திலும் முழுதாகக் குறையாது. ஆன்டிபாடியை அதன் பெப்டைடால் முன்கூட்டியே தடுத்துப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். தவறான புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் அந்தப் பெப்டைடால் நிரம்பிவிடும், தவறான பேண்டும் சேர்ந்தே மறையும்.

பல ஆண்டுகள் நீளும் அளவீட்டு ஆய்வுக்கு ரீகாம்பினன்டையே பரிந்துரைப்போம். அதன் மரபணு வரிசை கையில் இருப்பதால் அதே மூலக்கூறைத் திரும்பத் திரும்ப உருவாக்கலாம்; மோனோக்லோனலைச் சுரக்கும் ஹைப்ரிடோமா செல் வரிசை மாறிப்போகும் அபாயமும் இல்லை. பாலிக்லோனலில் முயல் மாறினால் ஆன்டிபாடியும் மாறும். பாலிக்லோனலோடுதான் தொடர வேண்டும் என்றால், தற்போதைய லாட் (தயாரிப்புத் தொகுதி) தீரும் முன்பே புதிய லாட்டை வாங்கி, ஒரே லைசேட்டில் 5, 10, 20, 40 மைக்ரோகிராம் வரிசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். அளவு கூடக் கூட பேண்ட் செறிவு கூடும் சரிவு இரண்டிலும் பொருந்தினால் மட்டும் மாறுங்கள், லாட் எண்ணை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.