போக்குக் காட்டுவதும் பொய் சொல்வதும்: சிறுவர் அமெரிக்கக் கால்பந்தில் இருவகைத் தந்திரங்கள்

2010 நவம்பரில், டெக்சாஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் இரண்டு நடுநிலைப் பள்ளி அணிகள் மோதிய ஆட்டத்தின் காணொளி ஒன்று உலகெங்கும் பரவியது. எதிரணிக்கான தண்டனையாகப் பந்தை ஐந்து கெஜம் முன்னால் நகர்த்தவேண்டும் என்று பயிற்சியாளர் தரப்பிலிருந்து குரல் வருகிறது. உடனே சென்டர் (பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் நடு ஆட்டக்காரன்) குனிந்த நிலையிலேயே பந்தைத் தன் தோளுக்கு மேலாக, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கையில் கொடுக்கிறான். வாங்கியவன் தண்டனைத் தூரத்தை அளப்பவனைப் போல நிமிர்ந்து, அவசரமே இல்லாமல் எதிரணிச் சிறுவர்களுக்கு நடுவே நடக்கிறான். அவர்களோ நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களைக் கடந்ததும் ஓட்டம் பிடித்து, எல்லைக் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி தரும் டச் டவுன் அடிக்கிறான்.

இதற்கு மறுபக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது, 2007 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் பாய்சி ஸ்டேட் அணி ஆடிய 'ஸ்டாச்யூ ஆஃப் லிபர்ட்டி' என்ற தந்திரம். கூடுதல் நேரத்தில் இரண்டு புள்ளிகள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில், குவார்ட்டர்பேக் வலக்கையை ஓங்கிப் பந்தை எறிவதுபோலப் பாவனை செய்தார். பந்தோ அவருடைய இடக்கையில், முதுகுக்குப் பின்னால் இருந்தது. பின்னாலிருந்து ஓடிவந்த சக ஆட்டக்காரர் அதை வாங்கிக்கொண்டு எதிர்த்திசையில் கோட்டைக் கடக்க, வலிமை மிக்க ஓக்லஹோமா 43–42 என்று தோற்றது. சிறுவர் அணிகள் விரும்பி ஆடும் ரிவர்ஸ் (ஒரு பக்கம் ஓடுபவன் எதிர்ப்பக்கம் ஓடுபவனிடம் பந்தைக் கொடுப்பது), ஃப்ளீ ஃப்ளிக்கர் (ஓடுவதுபோல வாங்கியவன் பந்தைக் குவார்ட்டர்பேக்கிடமே திருப்பித் தர, அவர் அதை எறிவது) ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

இரண்டிலும் எதிராளி ஏமாறுகிறான் என்பதால் இரண்டும் ஒன்றே என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: சென்டர் பந்தைக் கொடுத்து ஸ்னாப் ஆனதும் பந்து ஆட்டத்தில் இருக்கிறது, விசில் ஊதும்வரை ஆடவேண்டும் என்பது ஒவ்வொரு சிறுவனுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். ஆனால் ஓக்லஹோமா ஆட்டக்காரர்களுக்கு ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும். பந்து எங்கே என்பது மட்டுமே தெரியவில்லை. தன் இடத்தை விட்டு அசையாமல், எதிர்ப்பக்கத்தைக் காத்து நிற்பவன் ஒருவன் இருந்திருந்தால் அந்தத் தந்திரம் அங்கேயே முறிந்திருக்கும். கார்ப்பஸ் கிறிஸ்டி சிறுவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது ஆட்டம் நடக்கிறது என்ற அறிவே. பாய்சி ஸ்டேட் செய்தது போக்குக் காட்டுவது. கார்ப்பஸ் கிறிஸ்டியில் நடந்தது பொய் சொல்வது.

அதிலும் பொய்யைத் தொடங்கிவைக்கும் குரல் பெரியவருடையதாக இருப்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தண்டனை விதிகள் முழுமையாகத் தெரியாது. மைதானத்தில் பெரியவர் ஒருவர் 'நில்' என்றால் நிற்கவேண்டும் என்றுதான் பழக்கியிருக்கிறோம். யாராவது அடிபட்டு விழுந்தால் எல்லோரும் நிற்பது அந்தப் பழக்கத்தால்தான். அதையே பயன்படுத்தி ஆறு புள்ளிகள் எடுக்கும்போது, ஏமாந்தவன் அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துச்செல்லத் தக்க பாடம் எதுவும் இல்லை. ஆபத்தும் இருக்கிறது: ஆட்டம் நின்றுவிட்டது என்று நம்பி உடலைத் தளர்த்தி நிமிர்ந்து நிற்கும் சிறுவன், திடீரென வரும் மோதலை எதிர்கொள்ளத் தயாராக இருப்பதில்லை.

விதி எழுதியவர்களும் கோட்டை ஏறத்தாழ இதே இடத்தில்தான் கிழித்திருக்கிறார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பு விதிகளுக்குத் தரும் விளக்கங்களில், உதைப்பவன் 'டீ (உதைக்கும் பந்தை நிறுத்திவைக்கும் தாங்கி) எங்கே?' என்று கத்த, இன்னொருவன் எடுத்துவரப் போவதுபோல ஓரமாக ஓடிப் பந்தைப் பிடிக்கும் ஆட்டம், விளையாட்டுப் பண்புக்குப் புறம்பான குற்றமாகக் குறிப்பிடப்படுகிறது. விசித்திரமான அணிவகுப்புகளையும் பாவனைகளையும் அதே விளக்கம் விளையாட்டின் இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் டெக்சாஸ் பள்ளிகள் கல்லூரி விதிகளைத் தழுவி ஆடுபவை என்பதால், இந்த விளக்கம் கார்ப்பஸ் கிறிஸ்டி ஆட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தாது.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் பழைய ஆட்டம் ஒன்றும் உண்டு. 1903இல் பாப் வார்னர் பயிற்றுவித்த கார்லைல் பூர்வகுடிப் பள்ளி அணி, ஹார்வர்டுக்கு எதிராகப் பந்தை ஒருவருடைய சட்டையின் முதுகுப்புறத்துக்குள் செருகி ஓடவிட்டுப் புள்ளி எடுத்தது. இறுதியில் ஹார்வர்டே 12–11 என்று வென்றது. இன்று பந்தை உடைக்குள் மறைப்பது குற்றம். ஆனாலும் அதைப் பொய்யோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டம் நடக்கிறது என்பது அந்த ஹார்வர்டு ஆட்டக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஈர்ப்பு என்று பார்த்தாலும் போக்குக் காட்டும் வகையே மேலானது. எடையிலும் வேகத்திலும் பின்தங்கிய அணிக்கு அது ஒரு நம்பிக்கை. பருவம் முழுக்கப் பந்தையே தொடாத பையனுக்கு ரிவர்ஸில் ஒருமுறை அது கைக்கு வருகிறது. பதினொரு பேரும் தத்தம் பாவனையைச் சரியாகச் செய்தால்தான் அவன் ஓட முடியும். மற்ற வகைக்கு இரண்டு பேர் போதும், ஒருமுறைக்கு மேல் பலிக்கவும் பலிக்காது.

ஒன்பது வயதினருக்கு ஒரு ரிவர்ஸ் போதும் என்பேன். பிடித்த பந்தை உடனே சக ஆட்டக்காரனுக்குப் பின்பக்கமாக எறிவதால் தவறவிடும் அபாயமுள்ள ஹுக் அண்ட் லேட்டரல் போன்றவை சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். ஆட்டத்துக்கு முன் நடுவரைச் சந்திக்கும்போது, வழக்கத்துக்கு மாறான ஆட்டம் ஏதும் வைத்திருந்தால் பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அப்படிச் சொல்லிவைத்தால், பந்து எங்கே என்று தெரியாமல் நடுவர் அவசரப்பட்டு விசில் ஊதி, வாரம் முழுக்க அந்த ஒரு ஓட்டத்துக்காகக் காத்திருந்த பையனைப் பாதியில் நிறுத்திவிட நேராது.