நீட்டுவதா, நீட்டிப்பதா, விரிப்பதா? 'எக்ஸ்டெண்ட்' படுத்தும் பாடு

ஒருவரிடம் உதவி கேட்டுக் கையை நீட்டுகிறோம். அவர் கையை விரித்துவிடுகிறார். இரண்டு பேர் கையும் உடம்பை விட்டு வெளியேதான் போகிறது. ஒன்று 'கொடு' என்கிறது, மற்றது 'என்னிடம் இல்லை' என்கிறது. ஆங்கிலத்தின் 'எக்ஸ்டெண்ட்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால், நீட்டு, விரி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கூடவே நீட்டி, நீடி, பரப்பு, விரிவாக்கு, அளி, வழங்கு என்று ஒரு வரிசை. அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் முதலில் கண்ணில் படுவதை எடுத்து வைத்துவிடுகிறார்.

அப்படி வைத்த ஒரு வரி ஒருமுறை என்னிடம் மெய்ப்புப் பார்க்க வந்தது. ஓர் இரங்கல் செய்தி. 'குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கலை நீட்டிக்கிறோம்' என்று இருந்தது. அச்சுக்குப் போவதற்குள் 'தெரிவித்துக்கொள்கிறோம்' என்று மாற்றிவிட்டோம். ஆனாலும் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. துக்கத்தில் இருக்கும் வீட்டில் அதை வாசிப்பவருக்கு, துயரம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சொன்னதுபோல அல்லவா படும்? அதிலிருந்து இந்தச் சொற்களை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் பார்க்கலாம். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'டெண்டெரே' என்றால் இழுத்து நீட்டுவது. துணியை இழுத்துக் கட்டும் 'டெண்ட்' கொட்டகையும் இந்த 'டெண்டெரே'யில் பிறந்ததுதான். இதே வேரின் சமஸ்கிருதக் கிளை 'தன்'. அதிலிருந்து வந்தவை தந்து, தந்தி. வீணையில் இழுத்துக் கட்டியிருக்கும் தந்தியும் 'எக்ஸ்டெண்ட்'டும் தூரத்து உறவு என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆக அந்தச் சொல்லின் அடிவயிற்றில் இருப்பது ஒரே ஒரு காட்சி: இழுத்தால் நீளும் ஒரு பொருள். ஆங்கிலம் அந்தக் காட்சியை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறது. தமிழ் இடத்துக்கு இடம் வேறு வினை கேட்கிறது.

நீட்டுவதையும் விரிப்பதையும் எடுத்துக்கொள்வோம். கயிறு மாதிரி இருப்பதை நீட்டுகிறோம், பாய் மாதிரி இருப்பதை விரிக்கிறோம். இந்த வேறுபாட்டை நம் இலக்கணக்காரர்கள் என்றோ பிரித்து வைத்துவிட்டார்கள். செய்யுளின் ஓசைக்காகச் சொல்லில் செய்யும் மாற்றங்களுக்குச் செய்யுள் விகாரம் என்று பெயர். அவற்றில் நீட்டல் என்று ஒன்று, விரித்தல் என்று ஒன்று. நிழல் என்பது நீழல் ஆனால் நீட்டல். எழுத்தின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. இருந்த எழுத்தே ஒரு மாத்திரை நீண்டு 2 மாத்திரை ஆகிறது. தண்துறை என்பது தண்ணந்துறை ஆனால் விரித்தல். நடுவில் இல்லாத எழுத்துகள் புதிதாக வந்து புகுந்திருக்கின்றன. இருப்பதே நீள்கிறதா, புதிதாக ஏதாவது சேர்கிறதா என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு விமான நிலையத்தில் வைத்துப் பாருங்கள். ஓடுபாதை இன்னும் அரை கிலோமீட்டர் போகிறது என்றால் அது ஓடுபாதை நீட்டிப்பு. புதிய முனையம், புதிய நிறுத்துமிடம் என்று வளாகமே பெருக்கிறது என்றால் அது விமான நிலைய விரிவாக்கம். ஆங்கில அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கலாம். சாலையும் அப்படித்தான். அடுத்த ஊர் வரை கொண்டுபோனால் நீட்டிப்பு, இருவழியை நான்குவழி ஆக்கினால் விரிவாக்கம். சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். மடக்கவோ குறுக்கவோ முடிந்தால் அது நீட்டல். சுருக்கவோ சுருட்டவோ முடிந்தால் விரித்தல். முழங்கையை மடக்கும் தசை மேற்கையின் முன்புறம், நீட்டும் தசை பின்புறம். அங்கே விரித்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. விரலுக்கு மட்டும் இரண்டும் உண்டு. ஒரு விரலை நீட்டலாம், ஐந்தையும் விரிக்கலாம்.

சரி, காலத்துக்கு வருவோம். அதிகமாகத் தப்பு நடப்பது இங்கேதான். நீடித்தல், நீட்டித்தல் இரண்டும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் நிற்கின்றன. தலைப்பு எழுதுபவர்கள் இடம் பார்த்து ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிடுகிறார்கள். நீடிப்பது தானாக நடப்பது. மழை நீடிக்கிறது, காய்ச்சல் நீடிக்கிறது, மௌனம் நீடிக்கிறது. நீட்டிப்பதற்கு ஒருவர் வேண்டும். கெடுவை நீட்டித்தார்கள், விசாவை நீட்டித்தார்கள், பதவிக்காலத்தை நீட்டித்தார்கள். உருள், உருட்டு மாதிரி, திரள், திரட்டு மாதிரி இதுவும் தன்வினை, பிறவினை ஜோடிதான்.

இது வெறும் இலக்கணச் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம், செய்தியே மாறிவிடும். 'தடை நீடிக்கிறது' என்றால் நேற்றிருந்த தடை இன்றும் இருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக யாரும் எதையும் செய்யவில்லை. 'தடை நீட்டிப்பு' என்றால் தடைக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது, யாரோ ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டு அந்தத் தேதியைத் தள்ளியிருக்கிறார் என்று பொருள். யார், எதுவரை என்று வாசகர் கேட்பார். செய்தியில் அதற்குப் பதில் இருக்க வேண்டும். 'தடை நீடிப்பு' என்று போட்டால் அந்தக் கேள்வியே எழாமல் போய்விடுகிறது. ஆணை போட்டவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறார். எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை: கையெழுத்து இருந்தால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் நீடிப்பு.

இன்னொன்று. கெடு நகர்வதும் நிகழ்ச்சி நகர்வதும் ஒன்றில்லை. விண்ணப்பிக்கும் கடைசி நாள் 15 என்பது 30 ஆனால் நீட்டிப்பு. இடையில் உள்ள நாளெல்லாம் நமக்குக் கிடைக்கிறது. 15ஆம் தேதி நடக்க வேண்டிய தேர்வு 30க்குப் போனால் ஒத்திவைப்பு. அப்புறம் 'இழுத்தடிப்பது' இருக்கிறது. முடிக்கலாம் என்று தெரிந்தும் முடிக்காமல் வைத்திருப்பது. ஆங்கில மூலத்தில் அந்தக் கோபம் இருந்தால் தயங்காமல் இதையே போடலாம். 'கால நீட்டிப்பு செய்தனர்' என்று அலுவலக மொழியில் மெழுகுவதைவிட 'இழுத்தடித்தார்கள்' எவ்வளவோ உண்மையானது.

கணினிக்குள் போனால் 'நீட்சி' என்ற சொல் காத்திருக்கிறது. மீள் மீட்சி ஆவதுபோல, ஆள் ஆட்சி ஆவதுபோல நீள் என்பது நீட்சி ஆயிற்று. பாடநூல்களில் எடையைத் தொங்கவிட்டால் கம்பி எவ்வளவு நீள்கிறது என்பதற்கு இருந்த சொல். உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரலுக்கு அதைக் கொண்டுவந்தவருக்கு நல்ல காது. அந்த நிரல் தனியாக வாழ முடியாது, உலாவியின் உடம்பிலிருந்து முளைத்துத்தான் வேலை செய்யும். 'நீட்டிப்பு' என்றால் உலாவிக்கு யாரோ அவகாசம் கொடுத்ததுபோல இருக்கிறது. இங்கே நீட்சிதான் வெல்கிறது.

கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வருவதற்கும் நீட்சி என்றே எழுதுகிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு நிறைவில்லை. டாஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிய பழைய கணினிகளில் பெயருக்கு 8 எழுத்து, புள்ளிக்குப் பின் 3 எழுத்து என்று கட்டுப்பாடு இருந்தது. 'ஜேபெக்' படக் கோப்பு 4 எழுத்தில் ஒன்றை இழந்து 3 எழுத்தாக நின்றது அதனால்தான். அந்த மூன்று எழுத்தும் பெயரை நீட்டுவதற்கு வந்தவை இல்லை, கோப்பு எந்த வகை என்று சொல்ல வந்தவை. 'பின்னொட்டு' என்றால் முதல்முறை கேட்பவருக்கும் புரியும்.

'விரிவாக்கம்' சில இடங்களில் வாசகரைத் தடம் மாற்றிவிடுகிறது. வேளாண் விரிவாக்கம் என்று கேட்டதும் சாகுபடிப் பரப்பைக் கூட்டுவது என்றுதான் தோன்றும். சொல்ல வந்தது வேறு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873இல் தன் சுவர்களுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் விரிவுரைகளைக் கொண்டுபோகத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் கை ஊர்களுக்கு நீள்கிறது என்ற பொருளில் 'எக்ஸ்டென்ஷன்' என்றார்கள். அமெரிக்காவில் 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் இதே சொல்லோடு அதை உழவர்களிடம் கொண்டுசென்றது. விரிவது நிலம் இல்லை, அறிவு. 'பரவலாக்கம்' என்றிருந்தால் பொருந்தியிருக்கும். ஆனால் விரிவாக்கம் வேரூன்றிவிட்டது, இனி அதை மாற்றப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

கொடுப்பது என்ற பொருளில் வரும்போது நீட்டு, விரி இரண்டையுமே மறந்துவிடுவது நல்லது. அழைப்பு விடுக்கிறோம், நன்றி தெரிவிக்கிறோம், கடன் கொடுக்கிறோம், வரவேற்பு அளிக்கிறோம். உதவிக்கரம் மட்டும் நீட்டலாம். அதிலும் எச்சரிக்கை வேண்டும். 'அவரிடம் கை நீட்டினான்' என்றால் காசு கேட்டான். 'அவர்மேல் கை நீட்டினான்' என்றால் அடித்தான். கதையில் ஒருவர் கைகுலுக்க வருகிறார் என்றால் 'கைகுலுக்கக் கையை நீட்டினார்' என்று முழுசாக எழுதிவிட வேண்டும். அந்த 'ஐ' உருபு போனால் ஆள் பிச்சை கேட்பவராகவோ அடிக்க வந்தவராகவோ மாறிவிடுவார்.

மின்சாரத்துக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எல்லோரும் அப்படியேதான் சொல்கிறார்கள், இருக்கட்டும். அலுவலகத் தொலைபேசிக்கு உள்இணைப்பு எண் போதும்.

கடைசியாக, ஒரு சட்டமோ அதிகாரமோ எங்கே வரை எட்டுகிறது என்பதற்கு வரும் 'எக்ஸ்டெண்ட்'. 'நாடு முழுவதற்கும் நீட்டிக்கப்படுகிறது' என்று எழுதினால் முதலில் ஓர் ஊரில் மட்டும் இருந்து பிறகு பரவியதுபோல ஆகிவிடும். 'பொருந்தும்' என்பது வழக்கமான சொல், பிழையில்லை. ஆனால் யாருக்குப் பொருந்தும் என்பதும் எவ்வளவு நிலத்தை எட்டும் என்பதும் வேறு வேறு. நிலத்துக்கு நம்மிடம் 'அளாவு' இருக்கிறது. உலகளாவிய, வானளாவிய என்று தினமும் எழுதுகிறோம், வினையாக மட்டும் அதைக் கைவிட்டுவிட்டோம். 'இந்தச் சட்டம் நாடு முழுவதும் அளாவும்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.