பினாங்கு வீட்டில் முட்டைக்கோழி: சில வருஷம் வளர்த்துப் பார்த்ததில்

புக்கிட் மெர்தாஜாமில் மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் கிடைத்தது. சில வருஷமாக அங்கே சிவப்பு முட்டைக்கோழியும் கம்போங் கோழி எனும் நாட்டுக்கோழியும் கலந்து வளர்க்கிறோம். பழுப்பு ஓடு பெரிதாக இருந்தால் சிவப்பு இட்டது, வெளிறிய சின்ன முட்டை கம்போங் இட்டது. அதனால் எது இடுகிறது, எது சும்மா தின்கிறது என்பது கூடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

புதிதாக வளர்ப்பவர்கள் முட்டையை எண்ணுகிறார்கள். நான் நேரத்தைப் பார்க்கச் சொல்வேன். சிவப்பு இன்று காலை எட்டுக்கு இட்டால் நாளை ஒன்பதை ஒட்டி இடும், மறுநாள் இன்னும் தள்ளிப் போகும். இப்படித் தள்ளித் தள்ளிப் போய் ஒரு நாள் இடாது. அதற்கடுத்த நாள் பழையபடி காலையிலேயே வந்து உட்காரும். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கும், அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டவே போய்விடும். முட்டை இட்டு அரை மணி, ஒரு மணிக்குள் அடுத்த மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து கிளம்ப வேண்டும். பொழுது சாயப் போகிறது என்றால் கிளம்பாமல் மறுநாளுக்கு நின்றுவிடும். ஆகவே நடுவில் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் பதற வேண்டாம், மருந்துக் கடைக்கும் ஓட வேண்டாம்.

குளிர்நாட்டு வீடியோக்களில் கூண்டுக்குள் பல்பு போடச் சொல்வார்கள். நன்றாக முட்டையிட 14, 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே குளிர்காலத்தில் பகல் சுருங்கிக் கோழி அடியோடு நிறுத்திவிடுகிறது. இங்கே வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. நாங்கள் பல்பு போடுவதில்லை, அதனால் பெரிய குறையும் தெரியவில்லை.

நமக்குத் தலைவலி வெயில்தான். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் மழை இருக்காது. மத்தியானத்தில் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு இளைக்கும். தீனியும் குறையும். இளைக்க இளைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, ஓடு கட்ட வேண்டிய சரக்கும் அதோடு குறைகிறது. விளைவு, ஓடு மெலிகிறது. ஒரு மாசி வெயிலில் கூண்டுத் தரையில் தோல்முட்டை ஒன்று கிடந்தது. கையில் எடுத்தால் தண்ணீர் அடைத்த பலூன் மாதிரி நெளிந்தது. அதிகாலையிலும் சாயங்காலமும் மட்டும் தீனி, மத்தியானத்தில் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது, நொறுக்கிய சிப்பி ஓடு தனிக் கிண்ணத்தில். இந்த மூன்றும் பலன் தந்தன. சிப்பியைத் தீனியோடு கலக்காதீர்கள். வேண்டியது தானே கொத்திக்கொள்ளும்.

அடுத்தது அடை. சிவப்பு பெரும்பாலும் அடை உட்காராது. கம்போங் உட்கார்ந்தால் எழுப்புவது பெரும்பாடு. கூடையில் தட்டையாகப் பரவி, கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உறுமி, புறங்கையைக் கொத்தும். முட்டை வைத்தால் 21 நாளில் குஞ்சு, அப்புறம் குஞ்சோடு திரியும் காலம், ஆக இரண்டு மாதத்துக்கு மேல் முட்டை கிடையாது. "தண்ணியில முக்கி எடுடா, சரியாயிடும்" என்பது அம்மாவின் தோட்டத்து வைத்தியம். அதைவிட, அடியில் கம்பி வலை போட்ட கூண்டில், காற்றுப் படும்படி மூன்று நாலு நாள் விடுவதே மேல். வயிற்றுச் சூடு தணிந்தால் அடை தெளிந்துவிடும். தண்ணீரும் தீனியும் உள்ளேயே இருக்க வேண்டும்.

ஒன்றரை வயதை ஒட்டி இறகு கொட்டும். கழுத்தில் தொடங்கி வால் வரை போகும், இரண்டு மூன்று மாதம் முட்டை நிற்கும். "சீக்கு வந்துடுச்சா அண்ணே?" என்று எதிர்வீட்டுத் தம்பி கேட்கும் அளவுக்கு அலங்கோலமாக இருக்கும். இறகு முழுக்கப் புரதம், அதனால் அந்தச் சமயத்தில் கொஞ்சம் நெத்திலித் தலை போடுகிறோம்.

இடுகிறதா என்று சந்தேகம் வந்தால் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்புறம் தடவிப் பாருங்கள். இரண்டு கூர் எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் இடுகிற கோழி. ஒரு விரலே இறுக்கினால் நிறுத்திவிட்டது. மஞ்சள் காலும் சொல்லும். இட இட மஞ்சள் வெளுக்கும், ஓய்வெடுத்தால் திரும்ப ஏறும். எலும்பு அகன்றிருந்தும் கூடை காலியா? செரை (எலுமிச்சைப் புல்) புதரடியில் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் பெரிய கால்வாயிலிருந்து வரும் உடும்பின் வேலை.

தீனி விலையைப் பார்த்தால் கடை முட்டைதான் மலிவு. 2022 கடைசியில் முட்டைத் தட்டுப்பாடு வந்து நாமக்கல்லிலிருந்து இறக்கினார்களே, அந்த மாதிரி நேரத்தில் மட்டும் நமக்குக் கொஞ்சம் மிதப்பு. சிவப்பு முதல் வருஷம் அள்ளிக் கொடுக்கும், இரண்டு வயதுக்கு மேல் சரியும். கம்போங் கொஞ்சமாகத்தான் கொடுக்கும், ஆனால் தன் குஞ்சைத் தானே பொரித்து அடுத்த தலைமுறையைக் கொண்டுவந்துவிடும். சின்னக் குடும்பத்துக்கு இரண்டும் இரண்டுமாக, 18 வார வயதை ஒட்டிய பெட்டையாகப் பார்த்து வாங்குங்கள். கோழி விற்கும் தவ்கே (முதலாளி) சேவல் ஒன்றையும் சேர்த்துத் தள்ளப் பார்ப்பார். கம்போங் குஞ்சு வேண்டும் என்றால் ஒழிய வாங்காதீர்கள். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் புகார் போவதும் பெரும்பாலும் சேவல் கூவுவதால்தான்.