சான்றிதழா, சட்டகமா, பென்சிலா?

காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே கணினிப் பாதுகாப்புக் கட்டமைப்பு வேலை பார்க்கிறேன். இந்தத் துறையில் தேறுவதற்கு எதைப் படிக்கலாம் என்று தம்பிமார் கேட்கும்போது மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: சிஐஎஸ்எஸ்பி என்ற சான்றிதழ், சாப்சா என்ற கட்டமைப்புச் சட்டகம், ஸ்ட்ரைடு என்ற ஆபத்துப் பட்டியல். மூன்றையும் தொட்டுப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சிஐஎஸ்எஸ்பி 8 துறைகளை மேய்ந்துவிட்டு வரும் படிப்பு. தேர்வில் 1000க்கு 700 எடுத்தால் மட்டும் போதாது, 5 ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். உரிய பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும். வேலைக்கு ஆள் எடுப்பவரின் முதல் சல்லடையில் தங்குவதற்கு அது உதவும். கட்டமைப்பை வரைபடமாகப் போடும் கை அதனால் வந்துவிடாது.

சாப்சா தலைகீழ். தொழிலுக்கு எது முக்கியம் என்பதில் தொடங்கி, கருவிகளுக்குக் கடைசியில்தான் வருகிறது. 6 அடுக்கு, ஒவ்வொன்றிலும் 6 கேள்வி, மொத்தம் 36 கட்டம். சிறிய இடத்தில் அத்தனையையும் நிரப்ப உட்கார்ந்தால் தேர் நிலைக்கு வந்துவிடும், நாம் பாதிக் கட்டத்தில் இருப்போம். ஆனால் 'தொழிலுக்கு எது முக்கியம்' என்ற அந்தத் தொடக்கக் கேள்வி மட்டும் பொன்.

ஸ்ட்ரைடு 1999இல் மைக்ரோசாஃப்டில் பிறந்தது. ஆள்மாறாட்டம், திருத்தல், செய்ததை மறுத்தல், தகவல் கசிவு, சேவை முடக்கம், அதிகாரம் மீறல் என ஆறே ஆறு வகை ஆபத்து. தாளும் பென்சிலும் போதும்.

கானாடுகாத்தான் பக்கம் பங்காளி அண்ணன் ஒருவர் பழைய வீட்டை விடுதியாக்கியிருக்கிறார். அங்கே முதலில் சான்றிதழ்ப் புத்தியோடு போய் 40 பரிந்துரைகளை நீட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். மறுமுறை, "எது போனால் உங்களுக்குத் தூக்கம் போகும், அண்ணே?" என்று கேட்டேன். வெளிநாட்டு விருந்தினர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் அவர்களின் பாஸ்போர்ட் நகல்கள் எல்லாம் வரவேற்பறைக் கணினியில் கிடந்தன. விருந்தினர் வைஃபை, கேமரா, அந்தக் கணினி மூன்றும் ஒரே இணைப்பில்!

அதை ஸ்ட்ரைடு முறையில் தாளில் வரைந்து காட்டியபோது நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. முகப்பில் எத்தனை பெரிய தேக்குக் கதவு இருந்தாலும், உள்முற்றமான வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அறை, தனிச் சாவி என்று வாழ்ந்த வீடு அது. முகப்பைத் தாண்டி வந்துவிட்டார் என்பதற்காகப் பக்கத்துப் புள்ளியின் பெட்டகம் யாருக்கும் திறக்காது. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2020இல் 'ஜீரோ டிரஸ்ட்' (உள்ளே வந்துவிட்டார் என்பதற்காக யாரையும் நம்பாதே) என்று ஆவணமாக எழுதியதன் சாரத்தை அண்ணன் அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். 'செய்ததை மறுத்தல்' வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரவேற்பில் மூன்று பேருக்கும் ஒரே கடவுச்சொல். ரத்தான பில்லை யார் ரத்து செய்தார் என்று எப்படித் தெரியும்?

ஆகவே என் வரிசை இது. ஸ்ட்ரைடை இந்த வாரமே, உங்களுக்குத் தெரிந்த ஒரு கடையின் பில்லிங்கை வைத்துத் தொடங்குங்கள். உரிமையாளர்களுக்கு எதிரே உட்காரும் நிலை வரும்போது சாப்சா. சிஐஎஸ்எஸ்பியை 5 ஆண்டு நெருங்கும்போது எழுதினால் போதும்.

அண்ணன் மூன்று பேருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கொடுத்துவிட்டார். போன வாரம் போனபோது அதில் ஒன்று விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்தது.